தாத்தா வீட்டுப் பரணில் பழைய கிராமபோன் தட்டுகளும் ஸ்பூல் டேப்புகளும் கிடைத்தன. இவை எதனால் செய்தவை? இனி கேட்க முடியுமா, எடைக்குப் போட்டுவிடலாமா?

எடைக்குப் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, வெயிலும் ஈரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், எதையும் மாட்டி ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம். இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது.

உங்கள் கேள்வியில் ‘எடைக்கு’ என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். வீடு இடிக்கிறீர்களோ பாகம் பிரிக்கிறீர்களோ, “இந்தக் குப்பையை யார் கட்டிக்கொண்டு அழுவது” என்று வீட்டில் ஒருவர் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். பாகம் பிரித்தபோது மாந்தோப்பில் எந்த வரிசை யாருக்கு என்று மூன்று நாள் பேசினோம். அப்பாவின் ரெக்கார்டுப் பெட்டி யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அது என்னிடம் வந்தது.

அப்பா கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டணம் பக்கத்தில் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் சைக்கிளில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு போவார். கரண்ட் இல்லாத ஊர் என்றால் மாட்டுவண்டியில் பேட்டரியும் கூடப் போகும். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் சிஎன்சி லேத் ஓட்டுகிறேன். ஒலிப்பதிவு படித்தவன் இல்லை. இங்கே சொல்வதெல்லாம் கெடுத்துக் கற்றது, பிறகு கேட்டுக் கற்றது. பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். “இதைப் பேச உனக்கென்ன தகுதி” என்று மட்டும் கேட்காதீர்கள். போன முறை ஒருவர் கேட்டார், அது இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, தட்டுகள். கையில் எடுத்தால் கனமாக, தட்டினால் ஓட்டுச் சில்லு மாதிரி சத்தம் வந்தால், லேபிளில் 78 (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்கிற வேகம்) என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. வளைத்துப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும். பலரும் முழுக்க அரக்கு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறக்குறைய கால் பங்குதான் அரக்கு, சில கம்பெனிகளில் அதற்கும் குறைவு. மீதி பெரும்பகுதி கல் பொடி: பலகைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் மாவாக அரைத்தது. கறுப்பு நிறத்துக்குக் கரி, பிடிப்புக்குக் கொஞ்சம் பஞ்சு இழை. அரக்கு இவற்றை ஒட்டிவைக்கிற பசை, அவ்வளவுதான். உடைந்த தட்டின் ஓரத்தைப் பாருங்கள், மேல்பக்கத்துப் பளபளப்பு உள்ளே இருக்காது. சாம்பல் பூத்து, நறநறவென்று, கருங்கல் சில்லு மாதிரி இருக்கும்.

அந்தக் கல் பொடிக்கு ஒரு வேலை இருந்தது. பழைய கிராமபோனில் இரும்பு ஊசி. தட்டின் முதல் சில சுற்றுகளில் கல் பொடி ஊசி முனையைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றச் சொல்வார்கள். அப்பா ஒரு தகர டப்பாவில் புது ஊசியும் இன்னொன்றில் தேய்ந்த ஊசியும் வைத்திருந்ததாக அம்மா சொல்வார். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு நாடக செட் என்றால் தட்டு மேல் தட்டாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓயாத வேலை.

அரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் நிறைய. புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி கசியவிடுகிற பிசின் அது. இன்றைய ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், வங்காளப் பக்கத்துக் காட்டு மக்கள் கிளையிலிருந்து சுரண்டி எடுத்தார்கள். எமில் பெர்லினர் தட்டுக் கிராமபோனுக்குக் காப்புரிமை வாங்கியது 1887இல். முதலில் கெட்டி ரப்பரில் தட்டு அடித்துப் பார்த்தார், சமமாக வரவில்லை. 1890களின் பிற்பாதியில் அரக்குக் கலவைக்கு மாறினார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் கேட்ட பாட்டில் பெரும்பகுதி நம் நாட்டு மரக்கிளைப் பிசினில்தான் பதிந்தது. எடிசனின் 1877ஆம் வருட இயந்திரம் வேறு. அது தகரத்தாளைச் சுற்றிய உருளை, பிறகு மெழுகு உருளை. 1948இல் கொலம்பியா கம்பெனி வினைல் என்ற பிளாஸ்டிக்கில் எல்பியை (நெடுநேரம் ஓடும் தட்டு) கொண்டுவந்தது, மறுவருடம் 45 வேகத் தட்டு வந்தது. இந்தியாவில் 78கள் 1960களின் கடைசி வரைக்கும் வந்துகொண்டிருந்தன. ‘78 வேகத்தில் வினைலும் உண்டே’ என்று யாராவது வருவார்கள். உண்டு. அதனால்தான் ‘பெரும்பாலும்’ என்று எழுதினேன்.

இப்போது நான் செய்த பாவம். எனக்கு இருபத்திரண்டு வயது, அப்பா போய் ஒரு வருடம். பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்தது நாதஸ்வரத் தட்டு, டி.என்.ராஜரத்தினம் பிள்ளை வாசித்தது. கல்யாண வீட்டில் பந்தல் போட்டதும் அப்பா முதலில் போடுவது அதைத்தான். தட்டில் தூசியும் பூஞ்சையும் படிந்திருந்தது. டேப்ரெக்கார்டர் ஹெட்டை (டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கிற பாகம்) பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, சுற்றிச் சுற்றித் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைத்தேன். மூன்றாவது பஞ்சு எடுத்தபோது விரல் நுனி ஒட்டியது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கோடு கோடாக மின்ன வேண்டிய இடத்தில் கை அகலத்துக்கு மங்கலாக, நீர் காய்ந்த திட்டு மாதிரி இருந்தது. பஞ்சில் வந்தது அழுக்கு இல்லை, தட்டு.

தச்சு வேலை பார்ப்பவர்களைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தானே கதவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போடுகிறார்கள்? அதே அரக்கு, அதே ஸ்பிரிட். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். வினைல் அப்படிக் கரையாது. அரக்குத் தட்டுக்குச் சுத்தமான காய்ச்சி வடித்த நீரில் ஒன்றிரண்டு சொட்டு மென்மையான சோப்புத் திரவம், மிருதுவான பிரஷ், பள்ளம் ஓடும் திசையிலேயே துடைப்பது, லேபிள் நனையாமல் பார்ப்பது, உடனே ஒற்றி எடுத்துக் காயவைப்பது. ஊறப்போடக் கூடாது. அடுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள்.

ஊசியும் முக்கியம். இது எனக்கு வேலையில் பழகிய கணக்கு என்பதால் உடனே புரிந்தது. 78 தட்டின் பள்ளத்துக்கு முனை ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்) உள்ள ஊசி வேண்டும். எல்பி ஊசி 25 மைக்ரானோ அதற்கும் குறைவோ. எல்பி ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும், சுவரில் இருக்கிற பாட்டைத் தொடாது. “இரைச்சலாக இருக்கிறது, தட்டு போய்விட்டது” என்று தூக்கிப்போட்டவர்களில் எத்தனை பேர் ஊசியை மாற்றிப் பார்த்தார்கள்?

டேப்புக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் உண்மையான பொக்கிஷம் அதுதான். தட்டில் இருப்பது கம்பெனி வெளியிட்டது, வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கும். டேப்பில் உங்கள் தாத்தா பதிந்தது உலகத்திலேயே அந்த ஒன்றுதான்.

டேப் என்பது ஒரு பிளாஸ்டிக் நாடா, அதன் மேல் பசையில் குழைத்த இரும்புத் துருப் பொடி. நாடா பெரும்பாலும் இரண்டு வகை. பழையது அசிடேட், பிறகு வந்தது பாலியஸ்டர். ஸ்பூலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சுற்றின் ஊடாக வெளிச்சம் தெரிந்தால் அசிடேட். இருட்டாக அடைத்தால் அநேகமாகப் பாலியஸ்டர். அசிடேட் அறுந்தால் வெட்டினது மாதிரி நேராக அறும், ஒட்டிவிடலாம். பாலியஸ்டர் ரப்பர் மாதிரி இழுபடும், இழுபட்ட இடத்துப் பாட்டு திரும்பாது. அசிடேட் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட ஆரம்பித்தால் காடி (வினிகர்) நெடி அடிக்கும். அந்தப் புளிப்பு ஆவியே கெடுவதை வேகப்படுத்தும், பக்கத்து டேப்பையும் தொற்றும். நெடி அடிக்கிற ஸ்பூலை முதலில் தனியாகப் பிரித்து வையுங்கள்.

எங்களுக்கு அந்த நெடி தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டுப் பரணில் வருடா வருடம் புளி இருக்கும். கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைத்தது. பரணில் ஏறினாலே புளிப்பு வாசம்தான். டேப் பெட்டியைத் திறந்தபோது வந்ததையும் புளி வாசம் என்றே நினைத்தோம். பெட்டியை ஓசூருக்குக் கொண்டுவந்து ஆறு மாதம் கழித்துத் திறந்தேன். இங்கே புளிப் பானை இல்லை, வாசம் மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மொத்தம் நான்கு ஸ்பூல். ஒன்றை ஒரு பெரிய நகரத்தில் ‘பழைய டேப்பை சிடியாக மாற்றித் தருகிறோம்’ என்று போர்டு வைத்திருந்த கடையில் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு சிடி தந்தார்கள். இரைச்சலை நீக்குகிறோம் என்று எல்லாவற்றையும் வழித்து, பேசுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் ஆக்கியிருந்தார்கள். டேப் எங்கே என்று கேட்டேன். “அதான் சிடி பண்ணியாச்சே சார், அது ஒட்டிக்கிச்சு, போட்டுட்டோம்” என்றார் பையன். அந்தக் கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடம் கொடுத்தாலும் மூலத்தைத் திருப்பி வாங்குவதற்கு எழுதி வாங்குங்கள். எந்த வேலையும் செய்யாத அசல் பதிவை 24 பிட் வேவ் கோப்பாகக் கேளுங்கள். சுத்தம் செய்வது அதன் பிரதியில்தான் நடக்க வேண்டும்.

மீதி மூன்றைக் கிருஷ்ணகிரியில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவரிடம் ஒரு ஸ்பூல் மிஷின் இருந்தது. உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி கப்பியில் படிந்திருந்தது, அதைச் சுரண்டவே ஒரு நாள் போனது. நேராகக் கரண்ட் கொடுக்காமல் சீரிஸ் பல்பு (கரண்டை மட்டுப்படுத்த வழியில் இணைக்கிற பல்பு) போட்டு முதலில் சோதித்தார். நீங்களும் பழைய மிஷினை எடுத்தவுடன் சொருகிவிடாதீர்கள். முதல் ஸ்பூலை ஓடவிட்டோம். இலங்கை வானொலியிலிருந்து பிடித்த சினிமாப் பாட்டு. அதற்கு அடியில் ஒரு ஆள் வேறு ஏதோ மொழி பேசுகிற மாதிரி குரல். எனக்குக் கன்னடமோ என்று தோன்றியது, எங்கள் பக்கம் கன்னடமும் தெலுங்கும் சாதாரணம். அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “தம்பி, இது தமிழ்தான். தலைகீழா ஓடுது” என்றார்.

விஷயம் இதுதான். கால் அங்குல நாடாவில் அப்பா நாலு டிராக் மிஷினில் பதிந்திருக்கிறார். டிராக் என்றால் நாடாவின் நீளவாக்கில் ஒலி பதிகிற ஒரு வரி. ஒரு பக்கம் ஓடும்போது இரண்டு, திருப்பிப் போட்டால் எதிர்த்திசையில் இரண்டு. அண்ணனுடைய மிஷின் இரண்டு டிராக். அதன் ஹெட் அகலம், பக்கத்து டிராக்கையும் சேர்த்துப் படித்துவிடும், அதுவும் பின்னோக்கி. 1200 அடி ஸ்பூலை நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் ஓட்டினால் ஒரு டிராக்குக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நாலிலும் பதிந்தால் நாலு மணி நேரம். டேப் விலைக்குப் பயந்து ஒரு மூலை விடாமல் பதிந்திருக்கிறார். பெங்களூரில் அண்ணனுக்குத் தெரிந்தவரிடம் நாலு டிராக் மிஷின் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். வழியில் டேப்பை மடியில் வைத்திருந்தேன். அங்கே ஓட்டும்போது நான்கு இடத்தில் அறுந்தது. நேராக அறுந்ததால், சாய்வாக வெட்டி அதற்கென்று இருக்கிற ஒட்டு நாடாவால் ஒட்டினார். சாதாரண செல்லோடேப் ஒட்டக் கூடாது, பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும்.

அந்தத் தலைகீழ்க் குரல் நேரானபோது அது பாரதப் பிரசங்கம். எங்கள் பக்கம் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் நடந்தால் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். அட்டையில் அப்பா கையெழுத்தில் 1969 என்று இருந்தது. பிரசங்கியார் அரக்கு மாளிகைக்கு வந்திருக்கிறார். நடுவில் நிறுத்தி அன்பளிப்பு வாசிக்கிறார்கள். இன்னார் ஒரு ரூபாய், இன்னார் ஒரு வல்லம் கேழ்வரகு. வாசிக்கிற குரல் அப்பாவுடையது. நான் கேட்டு வளர்ந்த இருமல் கலந்த குரல் இல்லை, இருபத்தாறு வயதுக் குரல். பிறகு பிரசங்கியார் கூட்டத்தைக் கேட்கிறார்: “அரக்குன்னா என்னான்னு தெரியுமா? மரத்துல பூச்சி வைக்கிற பிசினு. தீ பட்டா உருகும். தோ மைக்செட்டுக்காரரு போடறாரே பிளேட்டு, அதுவும் அரக்குதான்!” கூட்டம் சிரிக்கிறது. மைக்குக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சிரிப்பு தனியாக, பெரிதாகக் கேட்கிறது. அது அப்பா.

தட்டு எதனால் செய்தது என்ற உங்கள் கேள்விக்குப் பதில், நான் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்த அன்றைக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அதே பெட்டியில், அந்தத் தட்டுக்கு நான்கு விரல் தள்ளி.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சிரிப்பு வந்த இடத்தில் அம்மா எதுவும் சொல்லவில்லை. அன்பளிப்பு வாசிக்கிற இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். ஒரு ரூபாய் கொடுத்தவர்களில் என் அப்பாயி பேர் இருக்கிறதாம். நான் கவனிக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் போக முடியவில்லை. மைக்செட்காரர்களை எங்கள் ஊரில் எப்படி நடத்தினார்கள் தெரியுமா? விடியற்காலை நான்கு மணிக்கு அவர் பாட்டுப் போட்டால்தான் அது கல்யாண வீடு. ஆனால் கடைசிப் பந்தி அவருக்கு. மேளக்காரருக்குத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பார்கள். மைக்செட்காரருக்கு, “அப்புறம் வந்து வாங்கிக்கப்பா.” அந்த அப்புறம் மூன்று மாதம் ஆகும், பாதி வீட்டில் வராமலே போகும். மின்சாரம் போனால் அவர்மேல் கோபம், ஊசி எகிறினால் அவர்மேல் கோபம். அப்பாவின் நோட்டில் வசூலாகாத தொகை பக்கம் பக்கமாக இருக்கிறது. இன்று அதே ஊர்க்காரர்கள் என்னிடம், “எங்க கல்யாணத்துல உங்கப்பா பதிஞ்சது ஏதாச்சும் இருக்கா” என்று கேட்கிறார்கள். தேடித் தருகிறேன். அந்த நோட்டை மட்டும் அவர்கள் முன்னால் எடுப்பதில்லை.

இன்னொன்று. “தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் என்ன பழைய பதிவு இருக்கப்போகிறது, அதெல்லாம் தஞ்சாவூரில்தான்” என்று ஒருவர் என்னிடமே சொன்னார். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த நாளிலிருந்து எங்களுக்குப் ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று ஒரே பேர். பதினெட்டு நாள் பாரதம் நடத்தி, ராப்பகலாக ஒரு ஊரே உட்கார்ந்து கேட்ட மண் இது. பதிவுகள் பரணில் இருக்கின்றன. இறக்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் டேப்புக்கு வருகிறேன். 1970, 80களின் பாலியஸ்டர் டேப்பாக இருந்து, ஓடும்போது கிறீச்சிட்டு ஹெட்டில் பழுப்புப் பசை ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். பசை ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. அதைக் கட்டுப்பாடான சூட்டில், 50 டிகிரியை ஒட்டி, மணிக்கணக்கில் உலர்த்தி எடுக்கும் முறை உண்டு. தெரிந்தவர் செய்ய வேண்டும், வீட்டு அவனிலோ சித்திரை வெயிலிலோ அல்ல. அசிடேட் டேப்பைச் சூடு காட்டவே கூடாது. கேசட்டும் இருந்தால் (1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்தது) உள்ளே இருக்கும் சின்ன பஞ்சுத் திண்டு உதிர்ந்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டைச் சரியாகத் தொடாது, சத்தம் மங்கலாகக் கேட்கும். டேப் போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். அட்டையில் எழுதியிருப்பதையும் டேப்போடு சேர்த்து வையுங்கள், கிழிந்திருந்தாலும்.

ஒவ்வொரு ஸ்பூலையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். பெட்டியை மோந்து பார்த்து எதில் நெடி அடிக்கிறது என்றும் எழுதுங்கள். தட்டுகளின் லேபிளையும் படம் எடுத்துக் கீழே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் போகிறேன், காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.